தேடி வருகிறவரும் திரையில் தெரிகிறவரும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் வாதிட்ட நண்பர்களுக்கும், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் பல பகுதிகளிலிருந்து பேருந்து மாறி வந்து அமர்ந்திருக்கும் சபை மக்களுக்கும் என் வணக்கம். "தூரதூரமாய் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களை ஒரே சபையாகக் கட்டி எழுப்புவது கைப்பேசித் திரையா, வீடு சந்திப்பா?" என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. வீடு சந்திப்பே என்னும் அணியில் இரண்டாவது பேச்சாளனாக நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி, தம்முடைய வாட்ஸ்அப் குழுவில் 140 குடும்பங்கள் இருப்பதாகவும், பவுல் அப்போஸ்தலன் கொலோசெ பட்டணத்துக்குப் போகாமலே ஒரு நிருபத்தினால், அதாவது கடிதத்தினால், அந்தச் சபையைத் தாங்கினார் என்றும், அந்த நிருபமே அக்காலத்து வாட்ஸ்அப் என்றும் சொன்னார். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அந்த நிருபத்தை முதலாம் அதிகாரத்திலிருந்தே வாசிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். கொலோசெயர் சுவிசேஷத்தை யாரிடம் கற்றார்கள்? எப்பாப்பிராவிடம். அவர் அந்த ஊர்க்காரர். பக்கத்திலிருந்த லவோதிக்கேயா, எராப்போலி ஊராருக்காகவும் பாடுபட்டவர் என்று நான்காம் அதிகாரம் சாட்சி சொல்கிறது. அவர் நடந்து நடந்து உருவாக்கிய சபைக்குத்தான் நிருபம் போனது. அதுவும் தானாகப் போய்ச் சேரவில்லை. தீகிக்கு என்னும் சகோதரன் உடன் போனார். தன் செய்திகளையெல்லாம் அவரே நேரில் அறிவிப்பார் என்று பவுல் எழுதுகிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவிலும், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைக்கிறார். நிருபத்தைக் கொண்டுபோனவர் அவர்தான் என்பது வேத அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. யோவானோ தம் இரண்டாம் நிருபத்தை முடிக்கும்போது, எழுத வேண்டியவை அநேகம் இருந்தும் "காகிதத்தினாலும் மையினாலும் அவைகளை எழுத எனக்கு மனதில்லை" என்று சொல்லிவிட்டு, வந்து முகமுகமாய்ப் பேசுவதையே நம்பியிருக்கிறார். காகிதமும் மையும் அவர் கையில் இருந்தன. ஆனாலும் அவர் மனம் ஏங்கியது அந்த வீட்டு வாசலுக்கு.

அடுத்து எதிரணித் தலைவி எடுத்துவைத்த சான்று ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளி. தூரம் என்றால் அதுதான் தூரம். பக்கத்து வீடு என்பது ஒரு நாள் பயணம். அங்கே ஜான் பிளின் என்னும் பிரெஸ்பிட்டேரியன் போதகர், மிதித்தால் மின்சாரம் தரும் ஒரு வானொலிக் கருவியைக் குடும்பங்களுக்குக் கொடுத்து அவர்களை இணைத்தார், ஆகவே கருவியே சமூகத்தைக் கட்டியது என்றார். நல்ல சான்று, ஆனால் அது எங்கள் அணிக்குரிய சான்று. அதனால் அதில் சற்றே அதிக நேரம் நிற்கிறேன்.

பிளின் 1912இல் 'ஆஸ்திரேலிய உள்நாட்டு மிஷன்' என்னும் பணியைத் தொடங்கியபோது அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. அவர் முதலில் அனுப்பியது மனிதர்களை. ஊட்னடாட்டா என்னும் ரயில் முனையிலிருந்து வடக்கே, புரூஸ் பிளௌமன் என்னும் ஊழியர் ஒட்டகங்களோடு மாதக்கணக்கில் பயணம் செய்து, ஒரு மாட்டுப் பண்ணையிலிருந்து அடுத்த மாட்டுப் பண்ணைக்கு, ஒரு தந்தி நிலையத்திலிருந்து அடுத்த தந்தி நிலையத்துக்குப் போனார். ஆல்பிரட் டிரேகர் செய்த மிதிவானொலி அந்தப் பண்ணைகளுக்கு வந்தது 1929இல். ஆக, கருவிக்கு முன்பே ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கால்கள் நடந்திருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அந்தப் பண்ணைப் பெண்கள் அதை நம்பித் தொட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது. 1928 மே 17ஆம் நாள் குளோன்கரி என்னும் ஊரிலிருந்து பிளின்னின் ஏற்பாட்டில் முதல் பறக்கும் மருத்துவர் விமானத்தில் புறப்பட்டார். விமானம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். ஆனால் நோயாளி இருக்கும் வீடு அவரை எப்படிக் கூப்பிடும்? அதற்காகத்தான் கருவி. தொடக்கத்தில் அதில் பேசவும் முடியாது. காலால் மிதித்துக்கொண்டே கையால் தந்திக் குறியீட்டைத் தட்ட வேண்டும். ஒரு தாய் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு அப்படி மிதித்தது, ஆறுதல் செய்தி ஒன்றைப் பெறுவதற்காக அன்று. ஓர் ஆள் புறப்பட்டு வருவதற்காக. பிற்காலத்தில் அதே வானொலியில் பெண்கள் அரட்டை அடித்தார்கள், பிள்ளைகள் பாடம் படித்தார்கள், அதையெல்லாம் மறுக்கவில்லை. வருகிறவர் ஒருவர் உண்டு என்ற உறுதி இருந்ததால்தான் அந்தக் கருவிக்கு மதிப்பு வந்தது என்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1854இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்கென ஒரு மிஷன் தொடங்கப்பட்டபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள், அதாவது போதகருக்குத் துணையாக வேதம் கற்பிக்கும் ஊழியர்கள், கடல் கடந்து போனார்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள், அடுத்த மலையில் ஒன்று என்று சிதறிக் கிடந்தவர்களை அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து தேடினார்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை.

நான் கண்ட உபதேசியார் ஒருவரைப் பற்றியும் சொல்ல அனுமதியுங்கள். என் தகப்பனார் மின்வாரியத்தில் பணியாற்றியதால் என் சிறுவயது மலையடிவாரத்து அணைக்கட்டுக் குடியிருப்பில் கழிந்தது. அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்றுதான். ஆலயம் வெகு தொலைவில். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, பாதி வழி பேருந்தின் கூரையில் ஏற்றிவந்த சைக்கிளை மீதி வழி மிதித்துக்கொண்டு அவர் வருவார். வந்ததும் ஜெபம் செய்ய மாட்டார். முதலில் ஒரு சொம்பு தண்ணீர், பிறகு சட்டைப்பைக்குள் மடித்து வைத்த நீள நோட்டைப் பிரித்து, போன மாதம் எழுதியதைப் பார்த்துக்கொண்டு, "தம்பிக்கு ராத்திரி இருமல் நின்னுட்டாம்மா? ஊர்ல உங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்பார். என் தாயார் பதில் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்ட நாட்கள் உண்டு. எங்கள் செய்தியை அடுத்த வீட்டுக்கும், அடுத்த அணைக்கட்டில் இருந்த குடும்பத்துக்கும் அவரே கொண்டுபோவார். நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் பரீட்சைக்காக எங்கள் வீட்டில் ஜெபம் நடந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கேளுங்கள். ஊரடங்குக் காலத்தில் எங்கள் சபைக் குழுவில் தினமும் காலை வசனம் வரும். முதல் ஆளாக ஒரு பெரியவரின் எண்ணிலிருந்து "ஆமென்" வரும். எங்கள் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பெரியவர் வழுக்கி விழுந்து படுக்கையில் கிடக்கிறார், ஆமென் போட்டுக்கொண்டிருந்தது பேரன் என்று. நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று எங்களால் சிரிக்க முடியவில்லை. பையன் மேல் குற்றமில்லை. தாத்தா சொன்னதைத்தான் அவன் செய்தான். அந்த மூன்று வாரமும் அவர் வீட்டுத் தெருவழியாகவே நான் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் இதே பாடத்தை 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தற்செயலாகக் கற்றார்கள். கட்டடக் கடனை அடைக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்து, அவர் வாரந்தோறும் வீடு வீடாய்ப் போய் ஆளுக்கு ஒரு பென்னி வாங்கி வர வேண்டும் என்று ஏற்பாடு. காசு வாங்கப் போனவர்கள், அந்த வீடுகளில் சிலர் வாழ வேண்டியபடி வாழவில்லை என்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். இதற்காக அல்லவா நெடுநாள் காத்திருந்தோம் என்று வெஸ்லிக்குப் புரிந்தது. வீடு வீடாய்ப் போவது சிரமமாகிப் பின்னர் அந்தப் பன்னிரண்டு பேரையும் ஓரிடத்தில் கூட்டினார்கள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு அந்த வேலை வேண்டாம். அப்போதும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே கூடினார்கள்.

வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் சகோதரிக்குக் கைப்பேசியை விட்டால் வேறு வழி ஏது என்று எதிரணி கேட்டது உண்மையான கேள்வி. சவூதி அரேபியாவில் பொது ஆராதனைக்கு இடமில்லை. வேறு நாடுகளில் வெள்ளிக்கிழமை ஆராதனை இருந்தாலும் எஜமான் வீட்டுக் கதவு அவளுக்குத் திறப்பதில்லை. அவளுக்குக் கைப்பேசியே ஆலயம். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவள் தாயும் இரண்டு பிள்ளைகளும் நம் சேகரத்தில் இருக்கிறார்களே, அந்த வீட்டுக்குப் போக எந்தச் சட்டம் தடுக்கிறது? இங்கே ஒருவர் அவள் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபித்தார் என்ற செய்தி அங்கே போய்ச் சேரட்டும். அதைச் சேர்க்கும் வேலைக்குத் திரை போதும்.

போக யாருக்கு நேரம் இருக்கிறது என்றும் கேட்டார்கள். வெஸ்லியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: 140 குடும்பங்களுக்கு, ஒருவருக்குப் பன்னிரண்டு வீடு என்று பன்னிரண்டு பேர் போதும். மாதம் ஒருமுறை என்றால் வாரத்துக்கு மூன்று வீடு. மிகத் தொலைவில் உள்ளவர்களுக்கு ஒரு சனிக்கிழமை. போதகர் ஒருவர் தலைமேல் இதைப் போட வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவி முடிவுரைக்கு எழும்பும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அம்மா, உங்கள் குழுவில் இருக்கும் அந்த 140 எண்களில், எத்தனை பேரின் வீட்டு வாசல் உங்களுக்குத் தெரியும்? அந்த எண்ணிக்கையையும் கேட்டுக்கொண்டு நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று கூறி, அமர்கிறேன்.