காசு கொடுக்காதவருக்கும் கடமை உண்டு

வணக்கம் நேயர்களே. கொழும்பில் மாலை வகுப்புகளில் வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பவன் நான். முதல் நாளே ஒன்று கேட்பேன்: ‘ஒரு வியாபாரி யாருக்குப் பொறுப்பு?’ ‘காசு கொடுத்தவருக்கு, சேர்’ என்று வகுப்பே சொல்லும். அது பாதிப் பதில். மற்றப் பாதிதான் தீங்கியல் சட்டம்: ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவரின் தவறால் நட்டப்பட்டவர் நட்டஈடு கேட்க வழிசெய்யும் சட்டம்.

வீட்டுக்கு யாரும் வந்தால் ஒரு ஜிஞ்சர் பியர் வாங்கி வருவோம் அல்லவா? காசு கொடுப்பது நாங்கள், குடிப்பது விருந்தாளி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1928 ஆகஸ்ட். ஸ்கொட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். டொனஹியூ என்ற பெண்மணிக்குச் சிநேகிதர் ஒருவர் ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுக்கிறார். கருநிறப் போத்தல், உள்ளே இருப்பது தெரியாது. கொஞ்சத்தை ஐஸ்கிரீமின் மேல் ஊற்றிச் சாப்பிட்டாயிற்று. மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவருடைய முறைப்பாடு. காசு கொடுத்தது சிநேகிதர், ஆகவே கடைக்காரரோடு இவருக்கு ஒப்பந்தம் இல்லை. போத்தலை நிரப்பிய ஸ்டீவன்சன் மீது வழக்குப் போட்டார்.

1932இல், அன்று பிரித்தானியாவின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று அவர் பக்கம் நின்றது. என் செயலால் பாதிக்கப்படுவார் என்று நியாயமாக எண்ணிப் பார்க்கக்கூடியவர் எவரோ, அவரே என் அயலவர், அவருக்குத் தீங்கு வராமல் கவனமாக இருப்பது என் கடமை என்றார் நீதிபதிகளில் ஒருவரான அட்கின் பிரபு. அந்த நத்தை உண்மையிலேயே இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. வழக்கு இணக்கத்தில் முடிந்தது. இருந்திருந்தால் பொறுப்பா என்பதே கேள்வி. பொறுப்புத்தான். காசு கொடுக்காதவருக்கும்!

எங்கள் நாட்டில் இந்தச் சட்டத்தின் வேர், ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன்-ஒல்லாந்துச் சட்டம். அடுத்தவனின் அடிமையையோ ஆடுமாட்டையோ கொன்றவன் நட்டத்தைக் கட்டவேண்டும் என்ற பழைய உரோமச் சட்டத்திலிருந்து வளர்ந்தது. வேண்டுமென்றோ கவனயீனமாகவோ செய்த தவறு, அதனால் வந்த நட்டம், இரண்டுக்கும் தொடர்பு. இவற்றைக் காட்டவேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் அயல்வீட்டு அக்கா, ஐப்பசி மழைக்கு ஒதுங்கி ஒரு கடைக்குள் போனார். வாசலில் வழுவழுப்பான மாபிள், ஆட்கள் மிதித்து மிதித்துக் குளமாகிக் கிடந்தது. ஒரு கால்மிதி இல்லை, துடைக்க ஆளில்லை. விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ‘நீங்கள் ஒன்றும் வாங்கவில்லையே, அம்மா’ என்றாராம் முகாமையாளர். பிள்ளைகளே, அந்த வசனத்தை வாழ்க்கையில் ஒருநாளும் சொல்லாதீர்கள். மழை நாளில் யாரும் உள்ளே ஒதுங்குவார் என்பது கடைக்காரருக்குத் தெரியாததா? அக்காவும் ஃபோனைப் பார்த்தபடிதான் நடந்தாராம். அதனால் உரிமை போய்விடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். ஊழியர் செய்யும் தவறுக்கு முதலாளி பொறுப்பாவதை விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: உங்கள் சாமானைக் கொண்டு போகும் பையன் அந்த வேலையிலேயே கவனயீனமாக ஒருவரை மோதினால், நட்டஈட்டுக் கடிதம் உங்களுக்கும் வரும்.

இன்னுமொன்று, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படியான நட்டத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். 1871ஆம் ஆண்டிலிருந்தே அதுதான் சட்டம். அந்த அக்கா என்னிடம் வந்து கேட்டது மூன்றாவது வருடத்தில். வணக்கம்.