நரேன் கார்த்திகேயன் ஓட்டியது 46 பந்தயமா, 48 பந்தயமா?

ஈசூனிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஃபார்முலா ஒன் பந்தயங்கள் ஓரிடத்தில் 48 என்றும் இன்னோரிடத்தில் 46 என்றும் இருக்கிறது. எது சரி? அவருடைய 5 புள்ளியும் ஆறே கார் ஓடிய பந்தயத்தில் கிடைத்ததாமே, அதைச் சாதனை என்று சொல்லலாமா?"

நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். முதல் கேள்விக்கு, இரண்டுமே சரி. பெயர் கொடுத்தது 48 பந்தயங்களுக்கு, கிளம்பியது 46-இல். 2011-இல் 107 விழுக்காடு விதி திரும்பவும் வந்தது. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் ஆக வேகமான நேரத்தைவிட ஏழு விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கினால் பந்தயத்தில் இடமில்லை. 2011, 2012 இரண்டு ஆண்டும் மெல்பர்னில் எச்ஆர்டி அணியின் இரண்டு கார்களுமே அதில் சிக்கின. புதிய காரைச் சரியாகச் சோதித்துப் பார்க்காமலே அங்கே கொண்டு வந்திருந்தார்கள். ஓட்டுநர் என்ன செய்வார்?

சரி, அந்த 5 புள்ளிக்கு வருவோம். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அந்த ஆண்டு தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர் தொகுதிதான், நடுவில் மாற்றக்கூடாது. அங்கே 13-ஆவது வளைவு சரிவாக இருக்கும், முழு வேகத்தில் போக வேண்டும். அந்த அழுத்தத்தை மிஷலின் டயர் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கர் சுவரில் மோதினார். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வைக்கலாம் என்று அணிகள் கேட்டன, கார் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ மறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள், அதாவது அணிகளின் பணிமனைப் பகுதிக்குள், போய்விட்டன. மிச்சம் இருந்தவை பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட பெராரி, ஜோர்டன், மினார்டி அணிகளின் கார்கள், ஆளுக்கு இரண்டு. பெராரி முதல் இரண்டு இடம், நரேனின் ஜோர்டன் சகா டியாகோ மோன்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. அதற்குத்தான் அந்த 5 புள்ளி.

ஆகவே நேயர் சொல்வது உண்மை. மற்ற 14 பேரும் ஓடியிருந்தால் அந்த நான்காவது இடம் வந்திருக்காது. ஆனால் அதற்காக அந்தப் புள்ளியைக் கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர் பாதுகாப்பான டயரில் 73 சுற்றுப் பந்தயத்தைக் கடைசிவரை ஓட்டினார், வாங்கினார். மோன்டெய்ரோவுக்கு அந்த ஆண்டு பெல்ஜியத்தில் இன்னொரு புள்ளி கிடைத்து மொத்தம் 7 ஆனது. நரேனுக்கு 5. இதையும் மறைக்க வேண்டியதில்லை.

என் வருத்தம் வேறு. இந்த 5-ஐ வைத்து அவரைத் தூக்கினாலும் தவறு, இறக்கினாலும் தவறு. ஃபார்முலா ஒன்னில் பாதிக்கு மேல் கார்தான் பேசும். 2011-இல் வலென்சியாவில் 24 கார்கள் ஓடின, ஒன்றுகூட நிற்கவில்லை, நரேன் 24-ஆவது. அதற்கு முன் யாருமே அந்த எண்ணில் முடித்ததில்லை. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், புத் சர்க்கிட்டில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரியில் அவர் 17-ஆவது, அதே காரில் டேனியல் ரிக்கியார்டோ 18-ஆவது. பிற்காலத்தில் எட்டு கிராண்ட் பிரி வென்ற ரிக்கியார்டோ! அதற்கு முந்தைய எட்டுப் பந்தயங்களில் நரேனுக்கு இருக்கையே இல்லை. அவர் இடத்தில் ஓட்டியவரே ரிக்கியார்டோதான். அதனால்தான் 2011-இல் நம் சிங்கப்பூர் மரினா பேயில் அவரைப் பார்க்க முடியவில்லை. 2012-இல் இங்கே ஓட்டினார், பாதி தூரத்தில் கார் சுவரில் மோதி நின்றது, மற்ற கார்களை மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது. பட்டியலில் சிங்கப்பூருக்கு நேராக அவர் பெயரில் இருப்பது அது ஒன்றுதான்.

அப்புறம் எதைப் பார்ப்பது? கார்கள் சமமாக இருந்த இடத்தைப் பாருங்கள். ஏ1 கிராண்ட் பிரியில் எல்லா நாட்டு அணிக்கும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின். அங்கே 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் நரேன் வென்றார், இந்திய அணிக்கு அதுதான் முதல் வெற்றி. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் வென்றார். அதற்கு வெகுமுன்பே, 1996-இல், ஃபார்முலா ஆசியா பட்டம் வாங்கிய முதல் இந்தியர் இந்தக் கோயம்புத்தூர்க்காரர்தான்.

ஃபார்முலா ஒன் பட்டியல் அவர் வாழ்க்கையில் மூன்றே பருவங்களைக் காட்டுகிறது. அதன்பிறகு ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா, சூப்பர் ஜிடி என்று பல ஆண்டுகள் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபூஜியில் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில், ஹோண்டா காரில் முதலிடம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 42.