ஈய டோக்கனில் சிலுவை இருந்தால் அது இடைக்காலமா?

அடுத்த கேள்வி. இங்கிலாந்தில் கிடைத்த பழைய ஈய டோக்கன்கள் (காசுக்குப் பதிலாகப் புழங்கிய வில்லைகள்) சிலவற்றை ஒரு நேயர் ஏலத்தில் வாங்கியிருக்கிறார். ஒன்றில் சிலுவை, அதைச் சுற்றிப் புள்ளிகள். இன்னொன்றில் இரண்டு எழுத்தும் 12 என்ற எண்ணும். விற்றவர் எல்லாமே இடைக்காலம் என்று சொன்னாராம். நம்பலாமா, எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்கிறார்.

சிலுவையை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள். 1247 முதல் இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னியில் விளிம்பு வரை நீளும் சிலுவையும், அது பிரிக்கும் ஒவ்வொரு கால் பகுதியிலும் மூன்று புள்ளிகளும் இருந்தன. ஈயம் வார்த்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அச்சில் செதுக்கினார்கள், ஆனால் அந்தக் காசு வழக்கொழிந்து வெகுகாலம் ஆன பிறகும் அதே சிலுவையை விடவில்லை. அதனால் படத்தைவிட வேலைப்பாட்டைப் பாருங்கள். மெல்லியதாக, சின்னதாக, நுணுக்கமாக இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். தடிமனாக, கோணல்மாணலாக இருப்பவை பொதுவாகப் பிந்தியவை. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பியிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். கல் அச்சில் நேராகச் செதுக்கினால் வார்ப்பில் திரும்பித்தானே விழும்!

இதையெல்லாம் ஏன் செய்தார்கள்? சில்லறைத் தட்டுப்பாடு, அவ்வளவுதான். முதலாம் எலிசபெத் காலத்தில் ஃபார்திங் (கால் பென்னி) காசே அடிக்கவில்லை. 1613-ல் அரசர் அனுமதியோடு செப்பு ஃபார்திங் வந்தது, ஆனால் அரசே நேரடியாகச் செப்புச் சில்லறை அடித்தது 1672-ல்தான். அதுவரை கடைக்காரர், சாராயக் கடைக்காரர் என்று ஆளாளுக்கு டோக்கன் கொடுத்துச் சமாளித்தார்கள்.

அந்த 12 போட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பக்கம் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூ பறிக்க வந்த கூலியாட்களுக்கு, பறித்த புஷல் (ஒரு முகத்தல் அளவு) கணக்குக்குத் தோட்ட முதலாளி கொடுத்த டோக்கனாகத்தான் அது தெரிகிறது. எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகளாக இருக்கும். பருவ முடிவில் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்வார்கள். அப்படியென்றால் 18, 19-ஆம் நூற்றாண்டு, இடைக்காலம் இல்லை. ஆனால் ஒரு கூலியாளின் உழைப்புக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது, அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

அப்புறம், உள்பக்கம் துணி நெசவின் தடம் தெரிந்தால் அது டோக்கனே இல்லை, துணியில் அடித்த ஈய முத்திரை.

சுத்தம் செய்யவே செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது, அமிலம் ஈயத்தை அரித்துவிடும். ஓக் மரப் பெட்டியிலும் வைக்காதீர்கள், அந்த மரத்திலிருந்து வரும் ஆவியே வெள்ளைப் பொடியாகப் பூக்க வைக்கும். தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள்.

முக்கியமானது, எந்த ஊர், எந்த வயல், ஆற்றங்கரை என்றால் எந்த இடம் என்று விற்றவரிடம் இப்போதே கேட்டு ஒவ்வொரு உறையிலும் எழுதிவிடுங்கள். அவர் மறந்துவிட்டால் அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.