டாக்டர் எத்தனை மணி நேரம் முழிச்சிருந்தார்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வாரம் தூக்கத்தைப் பத்திப் பேசினோம் இல்லையா, அதைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு கேட்டு அனுப்பியிருக்காங்க. "சார், எங்க அண்ணன் பயிற்சி டாக்டரா இருக்கான். சில நாள் 30 மணி நேரம் கழிச்சுத்தான் வீட்டுக்கே வர்றான். டாக்டரோட வேலை நேரத்தைக் குறைச்சா நோயாளிக்கு நிஜமாவே நல்லதா? ஆராய்ச்சி என்ன சொல்லுது?"

ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடலைம்மா. ஆமான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம்னுதான் உட்கார்ந்தேன். முடியல.

முதல்ல சுலபமான பாதி. தூங்காத மூளை தப்புப் பண்ணும். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கிற ஆள் மாதிரி கை தடுமாறும்னு 1997-ல வந்த ஆய்வைப் போன வாரமே சொன்னேன். குடிச்சவன் "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்"னு சொல்ற மாதிரியே தூங்காதவனும் சொல்லுவான். அதுதான் இதுல விஷமமான விஷயம்.

நானே அப்படிச் சொன்னவன்தான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, ரெண்டாவது நாள் விடிகாலை, ஒரு கேஸ் ஷீட்ல இன்சுலின் எழுதினேன். 10 யூனிட். யூனிட்டுங்கிறதுக்கு அந்த ஆங்கில எழுத்து ஒண்ணுதான் போடுவோம், 'யூ'. எழுதிக்கிட்டிருக்கும்போதே ஒருத்தர் டிரிப் நின்னுபோச்சுன்னு கூப்பிடுறார், இன்னொரு பக்கம் போன் அடிக்குது. சிஸ்டர் வந்து, "டாக்டர், 100 யூனிட்டா போடச் சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. "பத்துன்னுதானே எழுதியிருக்கேன், படிக்கத் தெரியாதா?"ன்னேன். அவங்க ஒண்ணும் பேசல. ஷீட்டைத் திருப்பி என் முன்னாடி வெச்சாங்க. அந்த யூவோட வாய் மூடிக்கிட்டு அழகான சைபரா உட்கார்ந்திருந்தது. நானே படிச்சாலும் நூறுதான். அந்த எழுத்தைப் போடாதீங்க, யூனிட்னு முழுசா எழுதுங்கன்னு இன்னிக்கும் பார்க்கிற பிள்ளைங்க கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். சரி, எங்கேயோ போயிட்டேன்.

இந்த வேலை நேரப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னா, 1984, நியூயார்க். லிபி சயான்னு 18 வயசுப் பொண்ணு. காய்ச்சல்னு ராத்திரி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. சில மணி நேரத்துல இறந்துட்டா. அவ ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தா. அதோட சேரவே கூடாத பெத்திடின்ங்கிற வலி ஊசியைப் போட்டிருந்தாங்க. பார்த்துக்கிட்டது பயிற்சி டாக்டர்கள். அப்பா பத்திரிகைக்காரர், சட்டம் படிச்சவர், விடல. 1989-ல நியூயார்க் மாநிலத்துல விதி வந்துச்சு: பயிற்சி டாக்டருக்கு வாரத்துக்கு 80 மணி நேரம், ஒரே மூச்சுல 24 மணி நேரம், அதுக்கு மேல கிடையாது. 2003-ல 80 மணி நேர வரம்பு அமெரிக்கா முழுக்க வந்துச்சு.

ஆனா அந்த ராத்திரி அவளைப் பார்த்த இளைய டாக்டர் தலையில இன்னும் எத்தனையோ நோயாளிகள் இருந்தாங்க. எல்லாரும் மணி நேரத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. இந்த எண்ணிக்கையைக் கோட்டை விட்டுட்டாங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

பாஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரியோட ரெண்டு ஐசியுல சோதிச்சுப் பார்த்து, 2004-ல வெளியிட்டாங்க. இன்டர்ன்களுக்கு, அதாவது முதல் வருஷப் பயிற்சி டாக்டர்களுக்கு, பழையபடி 24 மணி நேரத்துக்கு மேல போற ட்யூட்டி ஒரு முறை, அதை ஏறக்குறைய 16 மணி நேரமா வெட்டினது இன்னொரு முறை. பக்கத்துலயே ஆள் நின்னு கவனிச்சு எண்ணினாங்க. பழைய முறையில பெரிய தப்புகள் 36 சதவீதம் அதிகம். முடிஞ்சுது கதைன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் மேடை மேடையா இதைச் சொல்லியிருக்கேன்.

அந்த பாஸ்டன் ஆய்வை நடத்தின லாண்ட்ரிகன்ங்கிறவரே 2020-ல இன்னொண்ணு வெளியிட்டார். இந்தத் தடவை 6 குழந்தைகள் ஐசியு. நீண்ட ட்யூட்டியை எடுத்துட்டாங்க. என்ன ஆகணும்? தப்பு குறையணும். கூடிடுச்சு! ஆயிரம் நோயாளி-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தா அது ஒரு நோயாளி-நாள்) 79 பெரிய தப்பு இருந்த இடத்துல 97. ஏன்னு தோண்டிப் பார்த்தா, ட்யூட்டியைச் சின்னதாக்கினாங்களே தவிர அதுக்கு ஏத்த மாதிரி ஆளைக் கூட்டல. பழைய முறையில ஒரு டாக்டருக்குச் சராசரியா 6.7 நோயாளி, புது முறையில 8.8. அந்தப் பளுவைக் கணக்குல எடுத்துக்கிட்டதும் புது முறையோட கெட்ட பேர் காணாமப் போச்சு. ஆறு ஐசியுலயும் ஒரே மாதிரி கூட நடக்கல, ஒரு இடத்துல தப்பு குறைஞ்சுது, சில இடத்துல ஏறிச்சு.

எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். தன் பழைய முடிவுக்கு எதிரா வந்ததை மறைக்காம ஒருத்தர் கொண்டுவந்து வெச்சார் பாருங்க!

நடுவுல 2016-ல 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்கள்ல ஒரு பெரிய ஆய்வு. ட்யூட்டி நீளத்தைத் தளர்த்தினாலும் நோயாளிகளுக்கு வித்தியாசம் இல்லைன்னு வந்துச்சு. "பார்த்தீங்களா, நாங்க அந்தக் காலத்துல தூங்காமத்தான் கத்துக்கிட்டோம்"னு பெரியவங்க சிலர் கிளம்பிட்டாங்க. ரெண்டு பக்கத்துக்கும் வாரம் 80 மணி நேர வரம்பு அப்படியேதான் இருந்துச்சுங்க. 80-ஐயும் 80-ஐயும் ஒப்பிட்டுட்டு நூத்தி இருபதுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது.

ட்யூட்டி சின்னதானா, நோயாளி ஒரு டாக்டர் கிட்டேர்ந்து இன்னொரு டாக்டருக்குக் கைமாறுறது கூடும். இந்த ஒப்படைப்பைத்தான் ஹேண்டோவர்னு சொல்றோம். அதைப் பத்தி முன்னாடி தனியாவே பேசியிருக்கேன், எத்தனை கை மாறுதோ அத்தனை சேதி சிந்தும்னு. 2014-ல 9 ஆஸ்பத்திரியில, ஹேண்டோவர்ல எதை எந்த வரிசையில சொல்லணும், கேட்டவர் எப்படித் திருப்பிச் சொல்லணும்னு பழக்கிவிட்டாங்க. மருத்துவத் தப்புகள் 23 சதவீதம் குறைஞ்சுது. யாரோட ட்யூட்டி நேரத்தையும் வெட்டாம வந்த பலன் இது.

அதனால அம்மா, உங்க அண்ணன் கிட்ட "எத்தனை மணிக்கு வந்தே?"ன்னு கேட்கிறீங்க இல்ல, அதோட இதையும் கேளுங்க: "ராத்திரி உன் பொறுப்புல எத்தனை பேர்? கிளம்பும்போது யார் கிட்ட ஒப்படைச்சே, உட்கார்ந்து சொன்னியா, நடந்துக்கிட்டே சொன்னியா?" நீங்க என்கிட்ட இதைக் கேட்டிருக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். 30 மணி நேரம் தப்பில்லைன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. தப்புதான். 16 ஆக்கிட்டு நோயாளி எண்ணிக்கையை ஏத்தினா அதுவும் தப்புதான்.

இது டாக்டருக்கு மட்டும் இல்ல. 2002-ல பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரிகளை வெச்சு நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா எய்கன் ஒரு கணக்குப் போட்டாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு அந்த இன்சுலின் சிஸ்டர் ஞாபகம்தான். என் யூவைச் சைபர்னு கண்டுபிடிச்ச அந்த விடிகாலையில, அவங்க எத்தனை பேரைப் பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. நான் கேட்கவே இல்ல.