சோம்பேறிக் காற்று வானேறிய கதை

வணக்கம்.

போன தை மாதம், அறுவடை நேரம். சாயங்காலம் ஆறே முக்கால் மணி இருக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓடி வந்தான். "சார், வானத்துல ரயில் போவுது!" வெளியே வந்து பார்த்தால், களத்துக்கு மேலே ஒளிப்புள்ளிகள் கோத்த மாதிரி வரிசையாக நகர்கின்றன. இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்களுக்கு அப்படித்தான் தெரியும். அப்புறம் மெல்ல உயரம் ஏறிப் பிரிந்துவிடும்.

அந்தப் பையனுக்குக் கும்பகோணத்தில் ஓர் எவர்சில்வர் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வேலை. "உன் சிலிண்டரில் இருக்கிற ஆர்கான் வாயுதான் இப்போது வரும் ஸ்டார்லிங்குகளை மேலே ஏற்றுகிறது" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

கொள்ளிடத்தில் ஓடத்தில் உட்கார்ந்து பின்பக்கமாகக் கல்லை வீசினால் ஓடம் கொஞ்சம் முன்னே போகும் இல்லையா? செயற்கைக்கோளைத் தள்ளும் மின் உந்தியும் அதைத்தான் செய்கிறது. வாயு அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கி, அதாவது மின்னேற்றம் உள்ள அணுவாக்கி, மின்புலத்தால் பின்னே வீசுகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். இரண்டு நொடிக்குள் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம்! ஆனால் கிடைக்கும் தள்ளுவிசை? ஸ்டார்லிங்கின் ஆர்கான் உந்தியில் 170 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் 17 கிராம் எடையை வைத்த அளவு. அதைக் கொண்டு நாள்கணக்கில் விடாமல் தள்ளுகிறார்கள்.

சரி, எந்த வாயு? கல், அதாவது அணு, கனமாக இருக்க வேண்டும், எலக்ட்ரான் சுலபமாகக் கழல வேண்டும். இந்த இரண்டை மட்டும் பார்த்தால் பாதரசம் நன்றாகப் பொருந்தும். 1964இல் அமெரிக்கர்கள் விண்வெளியில் முதன்முதலாக இயக்கிய அயனி உந்தி பாதரசத்தில்தான் ஓடியது. ஆனால் அது நஞ்சு. கருவியின் மேலேயே படியவும் செய்யும். எளிதில் எதனோடும் ஒட்டாத மந்த வாயுக்களுக்கு வந்தது அதனால்தான்.

அவற்றில் செனான் ராஜா. அணு எடை 131. எலக்ட்ரானைக் கழற்ற 12.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) போதும். அழுத்தி வைத்தால் தண்ணீரைவிட அடர்த்தியாகிச் சின்னத் தொட்டியில் அடங்கிவிடும். 2007இல் கிளம்பிய நாசாவின் டான் விண்கலம் 425 கிலோ செனானோடு சிறுகோள் பட்டையிலுள்ள வெஸ்டாவுக்கும் சீரிஸுக்கும் போனது. நம் இஸ்ரோ 2017இல் ஏவிய ஜிசாட்-9 செயற்கைக்கோளிலும் செனான்தான்.

ராஜாவைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரு லட்சம் லிட்டர் காற்றைப் பிரித்தால் ஆர்கான் 930 லிட்டர் வரும். கிரிப்டான் அரை டம்ளர். செனான் ஒன்பது மில்லிலிட்டர் கூட வராது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் அடங்கிவிடும். ஒன்றிரண்டு விண்கலம் என்றால் சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கில் அனுப்புகிறவர் என்ன செய்வார்? ஸ்டார்லிங்க் 2019இல் கிரிப்டானில் தொடங்கி, 2023இல் ஆர்கானுக்கு மாறியது.

மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்கு ஆடுதுறை 36 எடுப்போம். தள்ளிப்போனால் ஒரே சம்பாவாக சி.ஆர். 1009 போடுவோம். எது உசத்தி நெல் என்று வரப்பில் நின்று யாரும் வாதாடுவதில்லை. தண்ணீரையும் நாளையும் பார்க்கிறோம். வாயுவைத் தேர்வதும் அப்படித்தான். ஆர்கானில் எலக்ட்ரானைக் கழற்ற 15.8 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். அணு இலேசு என்பதால் வேகம் கூடும், வாயு சிக்கனமாகும். ஆனால் அதே மின்சாரத்துக்குத் தள்ளுவிசை குறையும், தொட்டியும் பெரிதாகும். பெரிய சோலார் பலகை வைத்துக்கொள்ள முடிகிறவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். பல வருஷம் தனியாகப் போகிற கலத்துக்கு நான் இன்றும் செனானைத்தான் சொல்வேன்.

பெயரைப் பாருங்கள்: கிரேக்கத்தில் ஆர்கான் என்றால் சோம்பேறி, செனான் என்றால் அந்நியன்!

மறுநாள் பையன் வந்து கேட்டான்: "அப்ப எங்க சிலிண்டரையே அனுப்பிடலாமா சார்?" அணு அதேதான், தூய்மைதான் கூடுதலாக வேண்டும் என்றேன். ஈரமோ ஆக்ஸிஜனோ கொஞ்சம் கலந்தாலும் எலக்ட்ரானை உமிழும் பாகம் கெட்டுவிடும். அவன் சிரித்துவிட்டான். "அட, எங்களுக்கும் அதே ரோதனைதான் சார். கேஸ் சரியில்லன்னா டங்ஸ்டன் கம்பி கறுத்துப் போயிடும்."