செவ்வாயில் முதலில் குடியேறப்போவது யார்? ராக்கெட்டை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள்

வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வேறொரு கிரகத்தில் முதலில் ஊர் அமைக்கப்போவது எந்த நாடு? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் சண்டைக்கு வரலாம். செவ்வாயில் முதல் காலடி ஓர் அமெரிக்கருடையதாக இருக்கலாம். ஆனால் அங்கேயே விதைத்து, அறுத்து, சாப்பிட்டு, வருடக்கணக்கில் தங்கப்போகிற முதல் கூட்டம் சீனாவிலிருந்துதான் போகும் என்று நினைக்கிறேன். ராக்கெட்டை வைத்து நான் இதைச் சொல்லவில்லை.

முதலில், ஏன் செவ்வாய்? ஏனென்றால் வேறு இடம் இல்லை. வெள்ளியின் தரையில் 460 டிகிரி வெப்பம், நம் காற்றழுத்தத்தைப் போல 90 மடங்கு அழுத்தம். சோவியத் ஒன்றியம் அங்கே இறக்கிய கலங்களில் அதிக நேரம் தாக்குப்பிடித்த வெனரா 13-க்கே ஆயுள் சுமார் 2 மணி நேரம்தான். செவ்வாயும் ஒன்றும் சொகுசான இடம் இல்லை. சராசரி குளிர் மைனஸ் 60 டிகிரி. காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்திருக்கிறது. 2008-இல் பீனிக்ஸ் கலம் அதைக் கண்டுபிடித்தது. தைராய்டு சுரப்பியைப் பாதிக்கிற பொருள் அது. அந்த மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டுக் கீரை வளர்க்க முடியாது.

போய்ச் சேர்வதைப் பொறுத்தவரை அமெரிக்காதான் முன்னால் நிற்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். வைக்கிங் தொடங்கி பெர்சிவரன்ஸ் வரை 9 கலங்களைச் செவ்வாயில் வெற்றிகரமாக இறக்கியிருக்கிறார்கள். சீனா இறக்கியது ஒன்றே ஒன்று, 2021 மே மாதம் இறங்கிய ஜூரோங் ரோவர். சோவியத்தின் மார்ஸ் 3 கலம் 1971-இல் இறங்கியது, ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் பேச்சு நின்றுபோனது. இதுவரை செவ்வாயில் இறங்கியவற்றில் மிகக் கனமான பெர்சிவரன்ஸே சுமார் ஒரு டன்தான். மனிதர்கள் தங்க வேண்டுமென்றால் பத்துப் பத்து டன்னாக இறக்க வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் அதற்காகத்தான் உருவாகிறது. 2024 அக்டோபரில் திரும்பி வந்த பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் அடிப்பகுதியை, ஏவுதளக் கோபுரத்தின் கைகளாலேயே பிடித்தார்களே, அந்த அளவுக்குத் துணிச்சலான பொறியியல் வேறு எங்கும் நடக்கவில்லை.

சரி, போய் இறங்கியாகிவிட்டது. பூமியும் செவ்வாயும் பயணத்துக்குத் தோதாக வருவது 26 மாதத்துக்கு ஒரு முறைதான். அடுத்த சரக்குக் கப்பல் அப்போதுதான் புறப்படும், வந்து சேர இன்னும் ஆறேழு மாதம் ஆகும். அதுவரை மூச்சு விடக் காற்று, குடிக்கத் தண்ணீர், சாப்பாடு எல்லாமே அந்த அடைத்த அறைக்குள்ளேயே திரும்பத் திரும்ப உருவாக வேண்டும். குடியேற்றம் நிலைக்குமா இல்லையா என்பது இந்த அறையில்தான் முடிவாகும். ராக்கெட் பறப்பதை நேரலையில் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். அறைக்குள் கோதுமை வளர்வதை யார் பார்க்கிறார்கள்?

இந்த அறையின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோவியத் காலத்தில் சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரில், தரைக்கு அடியில் பயோஸ்-3 என்று ஒரு கூடம் கட்டினார்கள். மொத்தமே 315 கன மீட்டர். குளோரெல்லா என்ற பச்சைப் பாசியும் கோதுமையும் காற்றைச் சுத்தப்படுத்தித் தரும். 1972-73-இல் அதற்குள் ஆய்வாளர்கள் மூன்று மூன்று பேராக 180 நாள் ஓட்டினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால்!

அப்புறம் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், தனியார் பணத்தில் எழுந்த பயோஸ்பியர் 2. மூன்று ஏக்கருக்கு மேல் கண்ணாடிக் கூரை, உள்ளே மழைக்காடு, குட்டிக் கடல், வயல். 1991 செப்டம்பரில் எட்டு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு வருடத் திட்டம். சில மாதங்களிலேயே ஆக்சிஜன் குறைய ஆரம்பித்தது. 20.9 சதவீதம் இருந்தது, 16 மாதத்தில் 14 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. உயரமான மலைமேல் குடியிருப்பது போன்ற நிலை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். காரணம் புரியவே வெகுநாள் ஆனது. பயிருக்காகச் சத்து நிறைந்த மண்ணைக் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிரிகள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விட்டன. அந்தக் கார்பன் டை ஆக்சைடு செடிகளுக்குத் திரும்பியிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிக் கல்லாக்கிவிட்டது. சுவரே அவர்களுடைய மூச்சைத் தின்றுகொண்டிருந்தது! கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். எட்டு பேரும் நாலு நாலு பேராகப் பிரிந்து, முகம்கொடுத்துப் பேசாத நிலைக்கும் போனார்கள். பலர் இதைத் தோல்வி என்று கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கான்கிரீட் இப்படிச் செய்யும் என்பதை அரிசோனாவில் தெரிந்துகொண்டது எவ்வளவு பெரிய பாக்கியம். இதே விஷயம் செவ்வாயில் தெரிந்திருந்தால் குழாயை நீட்ட வெளியே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நாசாவும் இந்த வழியில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 1997-இல் ஹூஸ்டனில் நாலு பேரை 91 நாள் அடைத்த கூடத்தில் வைத்தார்கள். ஒருவருக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கோதுமைப் பயிரே கொடுத்தது. அடுத்த கட்டமாக பயோ-பிளெக்ஸ் என்ற பெரிய கூடத்துக்கும் திட்டம் போட்டார்கள். பிற்பாடு அது கைவிடப்பட்டது. 2023-24-இல் நாசா நாலு பேரை 378 நாள் செவ்வாய் வீடு போன்ற இடத்தில் தங்கவைத்தது உண்மைதான், ஆனால் அது மனிதர்களின் உடலும் மனமும் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கிற சோதனை.

இந்த நேரத்தில் பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகம் யூகோங்-1, அதாவது நிலா அரண்மனை என்ற கூடத்தைக் கட்டியது. 2014-இல் 105 நாள். அப்புறம் 2017 மே முதல் 2018 மே வரை 370 நாள், நாலு நாலு பேராக இரண்டு குழுக்கள். ஒரு குழு இடைவிடாமல் 200 நாள் உள்ளேயே இருந்தது. கோதுமை, சோயா, காரட், ஸ்ட்ராபெர்ரி வளர்த்தார்கள். பயிரில் மிஞ்சிய தழையைப் புழுக்களுக்குப் போட்டு, அந்தப் புழுவைப் புரதமாகச் சாப்பிட்டார்கள். அறைக்குத் தேவையான பொருளில் 98 சதவீதம் உள்ளேயே மறுசுழற்சி ஆனது என்று அறிவித்தார்கள். நான் சீனா பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இந்தக் கூடம்தான்.

இரண்டாவது காரணம், விடாப்பிடி. 1989-இல் ஜார்ஜ் புஷ் செவ்வாய் என்றார், அது காகிதத்தோடு நின்றது. 2004-இல் அவர் மகன் நிலா, அப்புறம் செவ்வாய் என்றார். 2010-இல் ஒபாமா அந்த நிலாத் திட்டத்தை ரத்து செய்து சிறுகோள் என்றார். 2017-இல் டிரம்ப் மறுபடியும் நிலா என்றார். ஒவ்வொரு தடவையும் திசை மாறியது. சீனா 1992-இல் 921 என்ற திட்டத்தை அங்கீகரித்தது. மனிதரை அனுப்புவது, விண்ணில் இணைவது, சொந்தமாக நிலையம் கட்டுவது என்று படிப்படியாகப் போனார்கள். 2003-இல் முதல் சீன விண்வெளி வீரராக யாங் லிவெய் பறந்தார், 2022-இல் தியான்கோங் நிலையம் முடிந்தது. போட்ட திட்டத்தை முப்பது வருடம் கழித்து முடித்திருக்கிறார்கள். செவ்வாய்க் குடியேற்றத்துக்கு அதைவிட நீளமான பொறுமை வேண்டும்.

ஸ்பேஸ்எக்ஸ் தனியார் நிறுவனம்தானே, அதிபர் மாறினால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் கணிப்பு தப்பினால் அவர்களால்தான் தப்பும். ஆனால் சட்டப்படி அதுவும் அமெரிக்கக் கணக்குதான். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் ஒரு கிரகத்தைத் தன் மண் என்று சொல்ல முடியாது. அதே சமயம் தனியார் செய்வதற்கும் அவரவர் நாடே பொறுப்பு. அனுப்பிய கலமும் அதிலிருப்பவர்களும் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்தில்தான் இருப்பார்கள்.

இந்த உரிமைப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்டார்டிகாவே சாட்சி. அங்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் அர்ஜென்டினா தன் எஸ்பெரான்சா முகாமுக்கு ஒரு கர்ப்பிணியை அனுப்பிவைத்தது. 1978 ஜனவரியில் அங்கே குழந்தை பிறந்தது, அண்டார்டிகாவில் பிறந்த முதல் மனிதர். பக்கத்தில் சிலி ஒரு சின்ன ஊரே வைத்திருக்கிறது. அந்தச் சிலி ஊரில் வெகுநாள் தங்கப் போகிறவர்கள் குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்டுதான் போக வேண்டும், ஏனென்றால் பெரிய ஆஸ்பத்திரி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

செவ்வாயில் இதைவிடக் கடினமான கேள்வி காத்திருக்கிறது. அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். அந்த ஈர்ப்பில் ஒரு கரு வளர்ந்து ஆரோக்கியமான குழந்தையாகுமா என்று உலகில் யாருக்கும் தெரியாது. அது தெரியாத வரை எந்த நாடு கட்டினாலும் அது முகாம்தான். ஒரு தாயையும் குழந்தையையும் வைத்து அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்தியா? நாம் முதலில் போகப்போவதில்லை. நிலாவுக்கே 2040 என்றுதான் இலக்கு வைத்திருக்கிறோம். ஆனால் நெல்லை மாவட்டத்துக்காரரான சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த மங்கள்யான், முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றியது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஒரு சின்னச் செய்தி. 2024 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ராக்கெட்டின் கடைசிப் பகுதியில் ஒரு பெட்டிக்குள் காராமணி விதைகளை வைத்திருந்தார்கள், நாலே நாளில் முளைத்தன. 2025-இல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்தார். அடுத்ததாக இஸ்ரோவும் நம் வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, நாலு பேர் ஒரு வருடம் தங்கும் கூடம் ஒன்றைக் கட்ட வேண்டும். ராக்கெட்டுக்கு ஆகும் பணம் இதற்குத் தேவையில்லை. கம்பும் கேழ்வரகும் அடைத்த அறையில் எவ்வளவு ஆக்சிஜன் தரும் என்பதை நாம்தான் அளந்து சொல்ல வேண்டும்.

2028-இல் சீனா தியான்வென்-3 கலத்தை அனுப்பப்போகிறது, செவ்வாய் மண்ணை எடுத்துக்கொண்டு 2031 வாக்கில் திரும்புவது திட்டம். அதே வேலைக்கு நாசா போட்ட திட்டத்தின் செலவு 1,100 கோடி டாலர் வரை போகும், மண் வந்து சேர 2040 ஆகும் என்று 2024-இல் அவர்களே சொன்னார்கள். அந்த மண் யார் கைக்கு முதலில் வருகிறதோ, பெர்குளோரேட்டைக் கழுவிப் பயிர் வைக்கும் வேலையை அவர்கள்தான் முதலில் தொடங்குவார்கள். அடுத்த வீடியோவில் தியான்வென்-3 எப்படி மண்ணெடுக்கப்போகிறது என்று பார்க்கலாம். நன்றி.