எடுத்த பேட்டியை ஏன் நான் போடவில்லை?

வணக்கம் உறவுகளே. 1947 இந்தியப் பிரிவினையைப் பற்றி, கொழும்புப் புறக்கோட்டைப் பெரியவர் ஒருவரோடு எடுத்த பேட்டி எங்கே என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எடுத்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் இந்தச் சேனலில் போடப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், அதோடு நீங்களும் உங்கள் வீட்டில் இப்படி ஒன்று எடுக்கவேண்டும் என்றும் சொல்கிறேன். இரண்டும் முரணாகத் தெரியலாம், கொஞ்சம் பொறுங்கள்.

அவர் மேமன் என்ற முஸ்லிம் வணிகச் சமூகத்துக்காரர். புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் மேமன்களைத் தெரியாதவர் யார்? ஆனால் அவர்களில் பலருடைய பூர்வீகம் குஜராத்தின் குதியானா என்ற சிற்றூர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஊர் அப்போது ஜுனாகத் சமஸ்தானத்துக்குள் இருந்தது. மக்களில் பெரும்பான்மை இந்துக்கள், ஆட்சியில் இருந்தவர் முஸ்லிம் நவாப். 1947இல் நவாப் பாகிஸ்தானோடு சேர்ந்தார். சமஸ்தானத்தைச் சுற்றியிருந்த நிலமோ இந்தியா. நாய் வளர்ப்பதில் பேர்போன அந்த மனிதர் கடைசியில் கராச்சிக்குப் பறந்துவிட்டார். நவம்பர் 9ஆம் தேதி ஜுனாகத் இந்தியாவின் கைக்கு வந்தது. நவாபுக்கு விமானம் இருந்தது. ஊர்ச் சனத்துக்கு?

பிரிவினை என்றால் நமக்கு ஞாபகம் வருவது பஞ்சாபும் வங்காளமும்தான். அதற்கு முன் இந்தியாவில் கால் வைத்தேயிராத ராட்கிளிஃப் என்ற ஆங்கில வழக்கறிஞர் ஐந்தே கிழமைகளில் அவற்றைப் பிரிக்கும் எல்லைக் கோட்டைப் போட்டார். அந்தக் கோடு எங்கே போகிறது என்று வெளியே சொன்னது ஆகஸ்ட் 17, அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். செத்தவர்கள் இரண்டு இலட்சம் என்பாரும் உண்டு, இருபது இலட்சம் என்பாரும் உண்டு. கணக்கே இவ்வளவு தள்ளாடும்போது, பார்த்தவர்களின் வாய்ச்சொல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது? 1947இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு நெருங்குகிறது.

சரி, பேட்டிக்கு வருவோம். முதல் ஒரு மணி நேரம் பெரியவர் ஹாஜியார் சொன்னது எல்லாம் அவருடைய மகனுக்கு மனப்பாடம். பெருநாளைக்குப் பெருநாள் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. அடுத்த வரியை மகனே எடுத்துக் கொடுக்கிறார்! மகனை மெதுவாகக் கடைக்கு அனுப்பிவிட்டு, "ஊரை விட்டு வந்த அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். அங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பியது. அன்று அடுப்பே மூட்டவில்லையாம். பக்கத்து இந்து வீட்டிலிருந்து ரொட்டி வந்திருக்கிறது. அம்மா தையல் மிஷினை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு அதே தெருவில் யார் யார் என்ன செய்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினார். நல்லது செய்தவர்களின் பெயரும் வந்தது, கெட்டது செய்தவர்களின் பெயரும் வந்தது.

முடிந்ததும், "இந்தப் பகுதியை நான் இருக்கும்வரை யாருக்கும் காட்டவேண்டாம் தம்பி" என்றார். அந்தப் பெயர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? ஒரு பெயர் தப்பான கையில் போனால் என்ன ஆகும் என்று 1983 இனக்கலவரத்தைப் பார்த்த கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடலாமே என்கிறீர்களா? நானும் யோசித்தேன். வெட்டினால் மிஞ்சுவது மகனுக்கு மனப்பாடமான கதைதான். அதற்குமேல் நான் வைக்கும் தலைப்பு, சோகமான இசை, தம்ப்நெயிலில் அழுகிற முகம். என் தொழில் எனக்குத் தெரியும்!

இதை முறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். குனிதா சிங் பல்லா என்ற இயற்பியலாளர், ஹிரோஷிமாவில் அணுகுண்டிலிருந்து தப்பியவர்களின் சாட்சியங்களைக் கேட்ட பிறகு, கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1947 பார்ட்டிஷன் ஆர்கைவ் என்ற அமைப்பைத் தொடங்கினார். தன்னார்வலர்களுக்கு இணையம் வழியாகப் பயிற்சி கொடுத்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகளைச் சேர்த்திருக்கிறார்கள். கிடைத்த எல்லாவற்றையும் அப்படியே அவர்கள் வெளியே கொட்டிவிடுவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

வீட்டில் எடுக்கிறவர்களுக்கு நல்ல கேமரா எல்லாம் வேண்டாம், குரல் தெளிவாக இருந்தால் போதும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், மூல ஃபைலை அப்படியே இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஆண்டைத் தப்பாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், அதற்குப் பழைய பதில்தான் வரும். வீடு, கிணறு, பள்ளிக்கூடம், கடன் கொப்பி என்று கேளுங்கள். அந்தப் பதிவை யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று அவர் சொல்வதையும் ரெக்கார்டிங்கிலேயே பதிந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் யாரும் குஜராத்திலிருந்து வரவில்லையே என்பவர்களுக்கு: இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத்து ஆட்கள் யாரும் உங்கள் வீட்டில் இல்லையா? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். தேங்காயை உடைத்த மாதிரி. அண்ணன் இங்கே, தங்கை தமிழ்நாட்டுக் கோத்தகிரியில். இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னார் ரயிலில் உறவுகளை ஏற்றிவிட்டவர்கள் பலர் இன்றும் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அப்படி எடுத்ததை வீட்டில் பாதுகாக்க வழியில்லை என்றால் ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் 'நூலகம்' நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள்.

நான் அடுத்ததாகப் போவது கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மாவிடம், அவருடைய அக்கா கப்பலேறிப் போனவர். அம்மா சம்மதித்துவிட்டார். கூடவே உட்காருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் மருமகனை எந்தக் கடைக்கு அனுப்புவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.